பிழை திருத்தும் செலவு

சிங்கப்பூரில் தரவு நிலையங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு மின்கட்டணத்தில்தான் போய் நிற்கும். 2020இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு அவற்றுக்கே போனது. 2019இல் புதிய நிலையங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டு, 2022இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கியது. 2023இல் வந்த வழிகாட்டி, அறைகளின் வெப்பநிலையைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் மேலே கொண்டுபோகச் சொன்னது.

அதே சிங்கப்பூரில், தேக்கா கடைகளில் அரைத்து வைக்கும் தோசை மாவு புளிக்கக் குளிர்சாதனம் வேண்டாம். 30 டிகிரி வெக்கையில்தான் லூக்கோனோஸ்டாக் பாக்டீரியா பெருகி மாவைப் பொங்க வைக்கிறது. பாக்டீரியா பெருக வேண்டுமானால் தன் மரபுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டியாக வேண்டும். படிக்கும் கருவி ரைபோசோம். அதன் அமைப்பை அணு அளவில் காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

மரபுச் செய்தியின் ஒவ்வொரு மூன்றெழுத்துக் குறிக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு டிஆர்என்ஏ வந்து உட்காரும். உடனே ரைபோசோமின் ஆர்என்ஏவில் உள்ள இரண்டு அடினின் எழுத்துகள் வெளியே புரண்டு, ஜோடி சேர்ந்த எழுத்துகளின் வடிவத்தைத் தடவிப் பார்க்கும். 2001இல் ராமகிருஷ்ணன் குழு படம் பிடித்துக் காட்டியது இதைத்தான். ஆனாலும் தப்பான ஜோடி சில நேரம் ஒட்டிக்கொள்ளும். ஒரே சோதனையில் நூற்றுக்கு ஒன்று தப்பும் என்றால், இரண்டாவது சோதனை அதைப் பத்தாயிரத்துக்கு ஒன்றாகக் குறைக்கும். இடையில், செல்லின் எரிபொருளான ஜிடிபி மூலக்கூறு ஒன்றை எரித்தால்தான் இது நடக்கும் என்று 1974இல் காட்டியவர் ஜான் ஹாப்ஃபீல்ட். வந்த டிஆர்என்ஏவைத் தப்பென்று விரட்டினாலும் எரிந்த ஜிடிபி எரிந்ததுதான்.

இதே ஹாப்ஃபீல்டுக்குத்தான் செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்காக 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. தரவு நிலையங்களை இன்று நிரப்பும் ஏஐக்கு அவர் ஒரு பாட்டனார்.

கணினியில் ஒரு பிட் தகவலை அழிக்க இவ்வளவு ஆற்றலாவது செலவாகும் என்று 1961இல் ரோல்ஃப் லாண்டவர் ஓர் அடிமட்டக் கணக்குப் போட்டார். செல்லுக்குள் இன்னோர் எரிபொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூறு தரும் ஆற்றல் அதைப்போல் 20 மடங்குக்கும் மேல். ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்க ஏடிபி, ஜிடிபி இரண்டிலுமாக நான்கு பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. வெறுமனே கோப்பதற்கு இவ்வளவு தேவையே இல்லை. மிச்சமெல்லாம் தப்பில்லாமல், தாமதமில்லாமல் படிப்பதற்குக் கொடுக்கும் விலை.

செல்லைப் பார்த்துச் சிக்கனக் கணினி செய்யலாம் என்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும், இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு.