கண்ணகியின் மலையும் நம் அரங்கும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, கூடலூரை அடுத்த மலையுச்சியில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மங்கலதேவி கோட்டம் சிதைந்து நிற்கின்றது. மதுரையை எரித்த கண்ணகி வேங்கை மரநிழலில் வந்து நின்ற இடம் இதுவே என்பது இவ்வட்டார மக்களின் நம்பிக்கை. ஆயினும், இங்குள்ள ஊர்த் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் 'கோவலன்' நாடகத்தைக் காண்போர்க்கு இம்மலை நினைவில் எழுவது அரிது. நம் மேடைக்குக் கண்ணகி என்றால் சிலம்பும் சினமும் தீயுந்தான்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அக்கதையை இசைநாடகமாக்கி மக்கள் நாவில் நிலைக்கச் செய்தார். பின்னர்த் திரையும் அதனை ஏற்றது. 1962-இல் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் புகுந்த எஸ். எஸ். இராஜேந்திரனே 1964-இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்தில் கோவலனாக நடித்தார். தம் உறுப்பினர் பாண்டியன் ஆணையால் கொலையுண்பதைத் தொகுதி மக்கள் காசு கொடுத்துக் கண்டனர்!

பழைய துயரக்கதையைப் புதிய மேடைக்குக் கொணர்வதில் அயர்லாந்து நாட்டார் கைதேர்ந்தவர். சமயப் பிரிவும் அரசியலும் கலந்த பகையால் வட அயர்லாந்தில் குருதி சிந்திய காலத்தில், 1990-ஆம் ஆண்டு, டெரி நகரில் கவிஞர் ஷீமஸ் ஹீனியின் நாடகமொன்று அரங்கேறிற்று. மூலம் சோபக்ளீஸ் என்னும் கிரேக்கப் புலவருடையது. ஆறாப் புண்ணோடு தீவொன்றில் தோழரால் கைவிடப்பட்ட வீரன் பிலோக்டீட்டஸ், அவர்கள் தன்னை நாடி வந்தபோது இணங்க மறுக்கின்றான். இறுதியில் வன்மம் விடுத்துக் கப்பலேறுகின்றான். ஹீனி தம் காலத்து மாந்தரையும் அதனுள் நுழைத்தார். சிறையில் உண்ணாநோன்பிருந்தவனின் தந்தையும், காவலரொருவரின் கைம்பெண்ணும் அங்கே ஒருசேர நினைக்கப்படுகின்றனர். இருதரப்பாரும் ஒரே அவையில் இருந்து அதனைக் கேட்க வேண்டியிருந்தது.

இத்தகைய கட்டம் நம் காப்பியத்திலும் உண்டு. வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையில் தெய்வமாய்த் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கின்றாள். தன்னை அவன் மகள் என்றே சொல்லிக்கொள்கின்றாள். கணவனைக் கொல்வித்தவனை அவ்வாறு ஏற்பதற்குள் அவள் நெஞ்சில் நிகழ்ந்தது என்ன? இளங்கோவடிகள் அதனை விரித்துரைக்கவில்லை. நாடகாசிரியனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு ஏது? நம் மேடையோ அவளுடைய சினத்தை எடுத்துக்கொண்டு, சினம் தணிந்த இடத்தை மலைமேலேயே விட்டுவிட்டது.

ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று, மக்கள் பளியங்குடிப் பக்கமிருந்து காட்டுவழியே நடந்து அங்கே செல்கின்றனர். புலிகள் காப்பகமாதலால் இரவு தங்க இசைவில்லை. பொழுது சாயுமுன் யாவரும் இறங்கிவிட வேண்டும்.