பெயரறிந்து தொடுவோம்

நுழையும்முன்

மலையடிவாரத்திலும் கண்மாய்க் கரையிலும் நடப்பது உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தரும். அவ்விடங்களில் வளரும் செடிகொடிகளுள் சில, தொட்டவரைத் துன்புறுத்தும் இயல்புடையன. அவற்றை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அறிந்து விலகினால் போதும். அவ்வறிவின் முதற்படி பெயரறிதலே என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலங்களைக் குறிஞ்சி, முல்லை எனத் தாவரப் பெயர்களால் அழைத்தவர்கள் தமிழர்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களைக் கபிலர் தொகுத்துத் தந்துள்ளார். அத்தகைய மரபில் வந்த நம்முள், வீட்டு வேலியோரம் நிற்கும் பத்துச் செடிகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியோர் இன்று எத்தனை பேர்? பெயர்களை மறப்பது மொழிக்கு மட்டும் நேரும் இழப்பன்று. அது நம் உடலுக்கும் ஊறு விளைவிக்கும்.

பெயரே எச்சரிக்கை

மழைக்காலம் முடிந்த ஒரு விடுமுறை நாளில், மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணமலைக்கோ அழகர்மலை அடிவாரத்துக்கோ மாணவர் சிலர் செல்வதாகக் கொள்வோம். புதரைக் கடக்கையில் ஒருவனின் காலில் சுரீரென்று எரிச்சல் உண்டாகிறது. பூச்சியும் இல்லை, முள்ளும் இல்லை. சிறிது நேரத்தில் தோல் சிவந்து தடிக்கிறது. அவன் சொறியச் சொறிய அரிப்பு மிகுகிறது.

அவனைத் தீண்டியது காஞ்சொறி. செந்தட்டி என்றும் இதனை வழங்குவர். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிறுகொடியின் மேற்பரப்பில் நுண்ணிய மயிர்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலைத் துளைக்க, எரிச்சலூட்டும் பொருள் உள்ளே புகுகிறது. ‘சொறி’ என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்பதால், இக்கொடியின் பெயரை அறிந்தவர் அதன் இயல்பையும் அறிந்தவராவார்.

பூனைக்காலிக் கொடியின் காய்களிலும் பொன்னிறச் சுணைகள் உண்டு. காய்கள் முற்றி உலர்ந்தபின், காற்றில் பறக்கும் சுணைகள்கூடத் தோலில் பட்டுக் கடும் அரிப்பை உண்டாக்கும். கள்ளியும் எருக்கும் பாலால் தீங்கு செய்வன. எருக்க மொட்டுகளை நசுக்கி வெடிக்கச் செய்து விளையாடும் சிறுவர்கள், பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் விழியின் கருவிழிப்படலம் பாதிக்கப்படும். பார்வை மங்கவும் கூடும்.

முதல்நாள் தெரியாத பகை

மேற்கூறிய தாவரங்கள் தொட்டவுடன் அல்லது சற்று நேரத்திலேயே தம் இயல்பைக் காட்டிவிடும். வேறு சில, அவ்வாறு காட்டுவதில்லை. அவற்றுள் முதன்மையானது பார்த்தீனியம்.

வெப்ப மண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களின் நடுப்பகுதியில் புனே நகரில் கண்டறியப்பட்டது. இறக்குமதி செய்யப்பட்ட தானியத்தோடு இதன் விதைகள் கலந்து வந்திருக்கலாம் எனக் கருதுவர். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை ஈனும் ஆற்றலுடையதாதலால், சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவிற்று. மதுரைச் சமவெளியின் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் காலி மனைகளிலும், கேரட் இலை போன்ற இலைகளும் சிறிய வெண்ணிறப் பூக்களும் கொண்டு இது நிற்பதைக் காணலாம்.

இதிலுள்ள பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. முதன்முறை தொட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. மீண்டும் மீண்டும் தொடும்போது, சிலரின் உடல் அப்பொருளைப் பகையென நினைவில் கொள்கிறது. அதன்பின், செடியின் உலர்ந்த துகள் காற்றில் வந்து பட்டாலே, ஓரிரு நாள்களில் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்து, வெடித்து, நீர் கசியும். இவ்வொவ்வாமை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. எனவே, “நான் பலமுறை தொட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

தெரியுமா?

சலவைத் துணிகளில் குறியிட, சேங்கொட்டையின் சாறு மையாகப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்கு, உடையில் அக்குறி பட்ட இடங்களில் தோல் கொப்பளித்தது. வட அமெரிக்காவில் வளரும் ‘பாய்சன் ஐவி’ என்னும் கொடியிலும் சேங்கொட்டையிலும் ஒத்த தன்மையுடைய பொருள்கள் உள்ளன. ஒன்றிற்கு ஒவ்வாமை கொண்ட உடல், மற்றொன்றையும் ஏற்பதில்லை.

செய்வனவும் தவிர்ப்பனவும்

சுணை பட்ட இடத்தைத் தேய்த்தலோ சொறிதலோ கூடாது. தேய்த்தால் அது மேலும் ஆழப் பதியும். ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்துச் சுணையை நீக்கியபின் நீரால் கழுவ வேண்டும். பால் பட்ட தோலைச் சோப்பிட்டுக் கழுவுதல் நன்று. கண்ணில் பால் பட்டால், தூய நீரை விட்டுக் கால்மணி நேரமாவது கழுவி, உடனே கண் மருத்துவரை நாட வேண்டும். பார்த்தீனியம் மண்டிய இடத்திலிருந்து திரும்பியதும் உடையை மாற்றிக் குளித்தல் வேண்டும். தடிப்பு தொடர்ந்தால், தாமே களிம்பு வாங்கிப் பூசாமல் தோல் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதலே முறை.

வெறுங்கைகளைக் காப்போம்

நடைப்பயணம் செல்வோர் செடியைக் கண்டு விலகிச் செல்லலாம். நாள்தோறும் களை பறிக்கும் உழவர்க்கும் தெருவைத் தூய்மை செய்யும் பணியாளர்க்கும் அவ்வாய்ப்பு இல்லை. வெறுங்கையால் பார்த்தீனியத்தைப் பிடுங்கும் அவர்களே பெரிதும் துன்புறுகின்றனர். பள்ளி வளாகத் தூய்மைப் பணியிலும் இச்செடியை வெறுங்கையால் பிடுங்குதல் கூடாது. கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, பூக்கும் முன்னரே வேரோடு அகற்ற வேண்டும். இதனை உண்ணும் மெக்சிகோ வண்டு, 1984இல் பெங்களூரில் வெளியிடப்பட்டது. எனினும், வண்டு மட்டும் இவ்வேலையை முடித்துவிடாது. மக்களின் முயற்சியும் தேவை.

காஞ்சொறிக்கு முன்னோர் பெயரிட்டு நம்மை எச்சரித்தனர். பார்த்தீனியமோ அவர்கள் அறியாத செடி. ஆகவே, அதனை இனங்கண்டு பிறர்க்கு உணர்த்தும் கடமை நம்முடையது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தொட்டால் அரிக்கும் செடிகளின் வழக்குப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. பார்த்தீனியத்தைப் பாதுகாப்பாக அகற்றுவது குறித்துத் தூய்மைப் பணியாளர்களுக்குப் பயன்படும் அறிவிப்பு ஒன்றை எளிய தமிழில் எழுதுக.