நூறு மீட்டர் வலை, ஐம்பது மீட்டர் கயிறு

மில்லர்புரத்திலிருந்து தூத்துக்குடி நகரைக் கடந்து திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனால், வலை கட்டுபவர்களின் கைகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். 100 மீட்டர் வலையை ஏறக்குறைய 50 மீட்டர் கயிற்றில் அடக்கிவிடுவார்கள், பாவாடைக்குச் சுருக்கு வைப்பதுபோல.

சூட்சுமமே அந்தச் சுருக்கில்தான். விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையில் மீன் முட்டித் திரும்பிவிடும். தொய்ந்த வலையோ முட்டிய இடமெல்லாம் இடம்கொடுத்து, மேலே வந்து மூடிக்கொள்ளும். வலைக் கண்கள் சாய்சதுரமாக விரிபவை. அதனால் 71 மீட்டர் கயிறு வைத்தால்தான் வலை அதிகப் பரப்பை மறிக்கும் என்கிறது வடிவியல் கணக்கு. பரப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, தொய்வு வேண்டும் என்பது கடலின் கணக்கு.

செவுள் வலையில் மீனின் தலை கண்ணுக்குள் நுழையும், பருத்த உடல் நுழையாது. பின்வாங்கப் பார்த்தால் செவுள் மூடி நூலில் மாட்டும். பொடிமீன் ஊடே போய்விடும். பெருமீனின் தலையே நுழையாது. எந்த மீன் அகப்பட வேண்டும் என்பதைக் கண்ணின் அளவே தீர்மானித்துவிடுகிறது!

நண்டு வலையில் நடப்பது வேறு. அங்கே செவுளுக்கு வேலையில்லை, முழுக்கச் சிக்கல்தான். நீலக்கால் நண்டின் ஓட்டில் பக்கத்துக்கு 9 முட்கள். கடைசி முள் மட்டும் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். கால்களோ 10. உதற உதற இன்னொரு முள், இன்னொரு கால் என்று நூல் சுற்றிக்கொண்டே போகும். நண்டிடமும் ஒரு தந்திரம் உண்டு: மாட்டிய காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். அதற்கென்றே காலின் அடியில் முறியும் இடம் ஒன்று இருக்கிறது. பின்னால் ஓடு உரிக்கும்போது புதுக்கால் முளைக்கும்.

பருத்தி வலை கடலில் தொலைந்தால் மக்கிப்போகும். 1935இல் பிறந்த நைலான் அப்படி மக்குவதில்லை. ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ, அதே கன அளவு நைலான் சுமார் 1.14 கிலோ. எனவே அறுந்துபோன வலை அடியில் போய்ப் படிந்து, ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பேய் வலை என்று பெயர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளில் இது மாட்டினால் பவளமும் ஒடியும். கடலாமையும் ஆவுளியா என்ற கடற்பசுவும் காற்றைச் சுவாசிப்பவை. சில நிமிடங்களுக்கொரு முறை ஆவுளியா மேலே வந்தாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் நீருக்குள்ளேயே மூச்சடங்கிவிடும்.

கடலுக்குப் போகும் அண்ணன்மாரே, கிழிந்த வலைத் துண்டு கையளவு இருந்தாலும் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.