மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு தேடி வரும் சிகிச்சை: நம் குடும்பங்கள் எப்படிப் பெறுவது?



சென்ற மாதம் நம் பகுதிக்கு ஒரு நடமாடும் சிகிச்சை வண்டி வந்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் காலையிலிருந்து லுஹர் வரை நின்றது. பிசியோதெரபி செய்பவரும் பேச்சுப் பயிற்சி தருபவரும் வந்திருந்தார்கள், பயிற்சிக் கருவிகளும் இருந்தன. படுக்கையில் இருப்பவர்கள், கை கால் விழுந்த பெரியவர்கள், காது கேளாத பிள்ளைகள், மூளை வளர்ச்சி தாமதமான பிள்ளைகள் என்று நமது அறக்கட்டளைப் பதிவேட்டில் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் உண்டு. அன்று வண்டிக்குப் போனவர் ஒரே ஒருவர். அவரையும் மகன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று அடுத்த வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பெரும்பாலான வீடுகளில் கிடைத்த பதில், “வண்டி வந்ததே எங்களுக்குத் தெரியாதே” என்பதுதான். தகவல் முதல் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. போட்டதும் நாம்தான். அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஆண்கள், பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பவர்கள். வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சோறூட்டும் உம்மாமார்கள் அதில் இல்லை. தெரிந்திருந்தும் போகாத வீடுகளில் வேறு காரணங்கள் இருந்தன. படுக்கையில் இருப்பவரை மெயின் ரோடு வரை கொண்டுபோக ஆள் இல்லை. வந்திருப்பவர் ஆணாக இருந்தால் பெண்பிள்ளையை எப்படிக் காட்டுவது என்ற தயக்கம். அடையாள அட்டை இன்னும் வரவில்லையே என்ற எண்ணம். ஒரு மூதாட்டி மட்டும், “இத்தனை வருஷம் தெருவுக்குக் காட்டாத பிள்ளையை இப்போ காட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டார். அதற்கு அங்கே எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், இந்தத் தாமதங்களில் சில திரும்பிப் பெற முடியாதவை. பக்கவாதம் வந்த ஒருவருக்குக் கை கால் இயக்கம் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களில் மூட்டுகளை அசைத்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். நம் பதிவேட்டில் உள்ள ஒரு சகோதரருக்கு அப்படித்தான் ஆனது. ஐம்பது வயதுகூட ஆகாதவர். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், கார்டு வரட்டும், மகன் ஊருக்கு வரட்டும் என்று எட்டு மாதம் போய்விட்டது. இப்போது அவர் கையை விரித்து உள்ளே கழுவுவதே வீட்டாருக்குப் பெரும் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாத்திரை, ஊசி, ஆபரேஷன் மட்டும் சிகிச்சை அல்ல. பிசியோதெரபி என்கிற இயன்முறை சிகிச்சை மூட்டையும் தசையையும் இயங்க வைப்பது. பேச்சுப் பயிற்சி என்பது பேசுவதற்கு மட்டுமல்ல. பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதே, அதையும் அவர்கள்தான் பார்ப்பார்கள். செயல்முறை சிகிச்சை என்று இன்னொன்று உண்டு. அது நம் மக்களுக்கு அதிகம் தெரியாது. சட்டை போடுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளை மீதமிருக்கும் திறனைக் கொண்டு செய்யப் பழக்குவது அது. காலிபர், செயற்கைக் கால், காது கருவி ஆகியவற்றை அளவெடுத்துப் பொருத்துபவர்கள் தனி. இவர்கள் எல்லோரும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வாரம் இருமுறை பயிற்சி என்றால் உடன் போகிறவரின் கூலியும் போய்விடும். இதனால்தான் சேவை ஊருக்கு வர வேண்டும் என்கிறோம். இது யாரும் போடும் பிச்சை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவ வசதி கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. வருமான வரம்பு பற்றிய விதி அதில் உண்டு. நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தடையாக இருக்காது.

இப்போது தமிழ்நாட்டில் எந்தெந்த வழியாக இந்தச் சேவைகள் வருகின்றன என்று பார்ப்போம்.

பெரியவர்களுக்கு முதல் வழி ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே திட்டத்தில் பிசியோ செய்பவரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மாத்திரை கொண்டுவரும் அந்தச் சகோதரியிடமே சொல்லலாம். அல்லது துணை சுகாதார நிலையத்தின் நர்ஸம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுக்கலாம். மருத்துவமனையிலிருந்து வரும்போது தந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்திருங்கள். இதற்கு மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மை நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வட்டாரம் முழுவதற்கும், அதாவது பத்து நாற்பது கிராமங்களுக்கு, பிசியோ செய்பவர் ஒருவர். அவர் நம் வீட்டுக்கு வாரா வாரம் வர வாய்ப்பில்லை. வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். அடுத்து அவர் வரும்வரை நாள்தோறும் செய்வது வீட்டில் இருப்பவர்தான். ‘ஒருமுறை வந்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், போய்விட்டார், ஒன்றும் குணமாகவில்லை’ என்று சிலர் எங்களிடம் குறைப்பட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்ததை மறுநாள் செய்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே அவர் வரும் நாளில், பிறகு பயிற்சி கொடுக்கப்போகிறவர் யாரோ அவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். அவர் செய்து காட்டும்போது அனுமதி கேட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஒருவர் வந்தாலும் அந்த நோட்டே போதும்.

அவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு ஒன்று. நோயாளி எதைத் தானே செய்ய ஆசைப்படுகிறார் என்பதைச் சொல்லி, அதற்கு என்ன பயிற்சி என்று கேளுங்கள். நம் மஹல்லாவில் ஒரு பெரியவர், யாருடைய உதவியும் இல்லாமல் உளூச் செய்ய வேண்டும் என்றார். வந்த பெண் பிசியோவுக்கு உளூ என்றால் என்னவென்று தெரியாது. பேத்தி செய்து காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, குழாயை இடுப்பு உயரத்துக்கு மாற்றச் சொன்னார், திருகும் குழாய்க்குப் பதில் தட்டினால் திறக்கும் குழாய் போடச் சொன்னார், முதுகு சாய்த்து உட்காரும் ஸ்டூல் ஒன்று, சுவரில் ஒரு கைப்பிடி. பிளம்பர் கூலியோடு சேர்த்துப் பெரிய செலவு ஆகவில்லை. கால் கழுவ மட்டும் இன்னும் பேரன் உதவுகிறான். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளுக்கான வழிகள் வேறு. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு வண்டியில் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. குறை கண்டால் மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இங்கேதான் நம் சமுதாயப் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள். அங்கன்வாடிக்கு அனுப்பாத பிள்ளையை அந்தக் குழு பார்க்காது. மக்தபுக்கு மட்டும் போகும் பிள்ளையையும் பார்க்காது. குறையுள்ள பிள்ளை என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கன்வாடியில் பெயரையாவது பதிந்துவிடுங்கள், குழு வரும் நாளைக் கேட்டு அன்று தூக்கிக்கொண்டு போங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை பள்ளிக்கு வர முடியாத நிலையில் இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சொல்ல வேண்டும். அங்கிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து கற்பிப்பார். பிசியோ பயிற்சியும் அந்த மையம் மூலமாகவே ஏற்பாடாகும். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் சொன்னால் அவரே தொடர்புபடுத்துவார்.

வயது விஷயத்தில் இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் வளைந்திருந்தால் முதல் சில வாரங்களிலேயே காட்டினால், வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பெரும்பாலும் நேராக்கிவிடலாம். பிறகு சில ஆண்டுகள் இரவில் தனிக் காலணி போட வேண்டும், அதை இடையில் விட்டால் மறுபடி வளையும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த வேண்டுமானால் 6 வயதுக்குள் செய்தாக வேண்டும். பிள்ளை ‘லேட்டாகப் பேசும், அவன் வாப்பாவும் அப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லியே அந்த வயதைக் கடத்திவிட்ட வீடுகள் நம்மிடம் உண்டு.

இவை தவிர, உலக வங்கி உதவியுடன் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களும் வண்டிகளும் வருகின்றன. பல சிகிச்சைகளை ஒரே இடத்தில் தருவது அவற்றின் நோக்கம். நம் வட்டாரத்தில் எந்த நாளில் எங்கே என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு அறிவிப்போம். அடையாள அட்டை, உதவித்தொகை, உபகரணம் ஆகியவற்றுக்கு அந்த அலுவலகம்தான். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. அதற்கு அட்டை அவசியம்.

உபகரணம் என்று சொல்லும்போது நமது தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரமலானில் ஜகாத் நிதியிலிருந்து வீல்சேர்கள் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் ஒரே அளவு, பெரியவர்களுக்கானவை. அதில் ஒன்று ஏழு வயதுப் பையனுக்குப் போனது. அவன் கால் மிதியை எட்டவில்லை, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வீட்டுக்கு வந்த பிசியோ பார்த்துவிட்டு, இதில் உட்கார வைத்தால் முதுகெலும்பு வளைந்துவிடும், தரையில் மூலையில் சாய்த்து உட்கார வைப்பதே மேல் என்றார். அந்த வீல்சேரில் இப்போது துணி காய்கிறது. இனி அளவெடுத்து எழுதிய சீட்டு இல்லாமல் அறக்கட்டளை எந்த உபகரணமும் தராது. கொடுக்க விரும்பும் வெளிநாட்டுச் சகோதரர்களும் பொருளாக அனுப்பாமல் முதலில் எங்களிடம் பேசவும்.

பெண்பிள்ளைகள் பற்றிய தயக்கம் நியாயமானது. பதிவு செய்யும்போதே பெண் பிசியோ வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் அவர்களே வருகிறார்கள். வருபவர் ஆணாக இருந்தால், உம்மா உடனிருக்க, அவர் வாயால் சொல்ல, உம்மாவே கைவைத்துச் செய்யலாம். நாங்கள் பார்த்தவரை யாரும் இதை மறுத்ததில்லை. அதற்கும் மேல் தேவைப்பட்டால், சிகிச்சையின் அவசியத்துக்கு ஷரீஅத் இடம் தருகிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே கதவைச் சாத்திவிட வேண்டாம்.

அந்த மூதாட்டிக்குப் பிறகு ஒரு நாள் பதில் சொன்னோம். கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அவர்களை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பாங்கு சொல்ல நிறுத்தினார்கள், தாங்கள் ஊரில் இல்லாதபோது மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள், மறைத்து வைக்கவில்லை என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வியாழன் அந்த வீட்டுக்கு நர்ஸம்மா உள்ளே போய் வந்திருக்கிறார்.

இனி நமது ஏற்பாடு இது. வண்டி வரும் தேதி தெரிந்தவுடன் ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்போம், பெண்கள் மதரஸாவில் உஸ்தாதிமார்கள் மூலமும் சொல்லப்படும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நாளே ஆள் போய்ச் சொல்வார். வண்டி நிற்கும் இடம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஒரு ஆட்டோவுக்கும், தூக்கிவிட இரண்டு இளைஞர்களுக்கும் பைத்துல்மாலிலிருந்து செலவு செய்ய நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. படியில்லாமல் ஆட்டோ நிற்க முடியாத சந்துகளில் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும். ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கியிருக்கிறோம்.

பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள், வெளியே சொல்ல விரும்பாதவர்கள் உட்பட, வியாழன்தோறும் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் வர வேண்டியதில்லை. செய்தி அனுப்பினால் அறக்கட்டளையின் சகோதரிகள் இருவர் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்வார்கள். பெயரும் விவரமும் சுவரொட்டியிலோ இந்த இதழிலோ வெளிவராது.

வஸ்ஸலாம்.
செயலாளர்