கதாஞ் அருங்காட்சியகம், லியோன்

கதாஞ் அருங்காட்சியகம் பிரான்சின் லியோன் நகரில், சோன் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள பழைய லியோன் பகுதியில் அமைந்துள்ளது. ஒரே கட்டடத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. ஒன்று நகர வரலாற்றைச் சொல்வது. மற்றொன்று பொம்மலாட்டக் கலைக்கானது. லியோனின் புகழ்பெற்ற பொம்மையான கிஞோலைப் பார்க்கவே பலரும் இங்கு வருகின்றனர்.

கட்டடம்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இம்மாளிகையை 1545இல் கதாஞ் குடும்பம் வாங்கியது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து வந்த வங்கியாளர்கள் இவர்கள்; பிரெஞ்சு அரசன் முதலாம் பிரான்சுவாவுக்கே கடன் கொடுத்தவர்கள். பெரும் பணக்காரரைக் குறிக்க 'கதாஞைப் போலச் செல்வந்தர்' என்னும் வழக்கு லியோனில் உண்டு. முற்றம், சுழற்படிக்கட்டு, மேலே குன்றின் சரிவில் அமைந்த தோட்டங்கள் ஆகியவற்றைக் காண்பதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்கலாம்.

நகர நிர்வாகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடத்தை வாங்கி, 1921இல் வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தது. பொம்மலாட்டப் பிரிவு 1950இல் சேர்ந்தது. சுமார் பத்தாண்டுகள் நீடித்த புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2009இல் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது.

கிஞோல்

கிஞோலை 1808ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் லோரான் மூர்கே (1769–1844). பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பட்டுத் தொழில் நசிந்தபோது ஊர் ஊராகச் சென்று பல் பிடுங்கிப் பிழைத்தார். பல்லைப் பிடுங்கக் காசு இல்லை, பிறகு விற்கும் மருந்துக்குத்தான் காசு. கூட்டத்தை இழுக்கவும் வலியை மறக்கச் செய்யவும் பொம்மை ஆட்டினார். நாளடைவில் பல் தொழில் போய், பொம்மையே தொழிலாயிற்று.

தமிழகத்தின் நூல்கட்டிய மரப்பாவையைப் போலன்றி, கிஞோல் கையில் மாட்டி ஆட்டும் பொம்மை. தலை மரத்தாலானது, கால்கள் இல்லை. விரல்களே கழுத்தையும் கைகளையும் அசைக்கின்றன. அதனால் அடிதடிக் காட்சிகள் நன்றாக எடுபடும். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரும் காவலரும் கிஞோலின் தடியால் அடி வாங்குவது வழக்கமான காட்சி. மனைவி மதலோன், மதுப்பிரியரும் செருப்புத் தைப்பவருமான ஞாஃப்ரோன் ஆகியோர் மற்ற முக்கியப் பாத்திரங்கள்.

மூர்கே வசனங்களை எழுதி வைக்கவில்லை. அன்றைய ஊர்ச் செய்தியையும் விலைவாசியையும் சேர்த்து, நெசவாளர் பேச்சு மொழியில் அந்தந்த வேளையில் பேசினார். 1831இலும் 1834இலும் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த நகரம் இது. மேடையில் ஒரு பொம்மை பேசுவதையும் அதிகாரிகள் கவனித்ததில் வியப்பில்லை. 1852இல், ஆட்டத்திற்கு முன் வசனத்தை எழுதித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டுமென்ற நிலை ஏற்பட்டது. 1865இல் கிஞோல் நாடகங்களைத் தொகுத்து, தம் பெயரைப் போடாமல் வெளியிட்டவர் ஒனோஃப்ரியோ என்னும் நீதித்துறை அதிகாரி. வாய்மொழியாக வாழ்ந்த கலைக்கு ஏட்டு வடிவம் கிடைத்ததில் தணிக்கை அலுவலகத்துக்கும் ஒரு நீதிபதிக்கும் பங்கிருப்பது விந்தையே. ஆனால் எழுத்தில் வந்தது பெரும்பாலும் கூர் மழுங்கிய கிஞோல். மூர்கேயின் வாயிலிருந்து வந்த பேச்சு யாரிடமும் இல்லை.

பார்வையிடுதல்

மூர்கே காலத்துப் பழைய பொம்மைகளுடன் பிற நாட்டுப் பொம்மைகளும் காட்சியில் உள்ளன. முதலில் நகர வரலாற்றுப் பிரிவைப் பார்ப்பது நல்லது. பட்டு வணிகர்களுக்கும் நெசவாளர்களுக்கும் இடையே நடந்த கூலிப் போராட்டத்தை அறிந்தபின், வங்கியாளர் மாளிகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் நெசவாளர் பொம்மை வேறு விதமாகத் தோன்றும். கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மை அசைவதில்லை. அது பேசுவதைக் கேட்க, அருங்காட்சியகத்தின் சிறிய அரங்கில் நிகழ்ச்சி உள்ள நாளில் செல்லலாம். நகரின் தெத் தோர் பூங்காவிலும் கிஞோல் அரங்கு உண்டு. அங்கே காவலர் பின்னால் வரும்போது குழந்தைகள் கூச்சலிட்டுக் கிஞோலை எச்சரிப்பார்கள்.