பலகை உடையலாம், கால் உடையக் கூடாது

டொராண்டோவில் நவம்பர் பிறந்தால் போதும், பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு விண்ணப்பம் வந்துவிடும்: "அப்பா, எனக்கு பார்க் ஸ்கீ வேணும்." ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பள்ளிக்கூடத்தோடு மலைக்குப் போய் வாடகை ஸ்கீப் பலகையில் விழுந்து எழுந்து பழகிய பிள்ளைக்கு, அடுத்த குளிர்காலத்திலேயே சும்மா சரிவில் இறங்குவது அலுத்துவிடுகிறது. இரும்புக் குழாய் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போக வேண்டும், பனிமேட்டிலிருந்து எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். அதற்கென்றே சரிவில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, குழாய்களும் பெட்டிகளும் மேடுகளும் அமைத்திருக்கிறார்கள். டெரெய்ன் பார்க் என்பது அதன் பெயர். பேச்சில் வெறும் பார்க்.

கடைக்குப் போய் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. புதுப் பலகை சுமார் 500 முதல் 900 டாலர். பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் 200 டாலருக்கு மேல். பூட்ஸ் இன்னொரு 400. எல்லாவற்றின் தலையிலும் ஒண்டாரியோவின் 13 சதவீத வரி. "பேசாமல் ஹாக்கி விளையாடேன்" என்கிறார் அப்பா. ஹாக்கிக்கு ஆகும் செலவு அவருக்கு இன்னும் தெரியாது.

இந்தச் செலவைப் பாதியாகக் குறைக்க முடியும். எதில் கையைச் சுருக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள். மேலே அச்சடித்த படத்தைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுத்து, பணத்தில் பெரும்பகுதியை அதில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் காலுக்குப் பொருந்தாத பூட்ஸை வாங்குகிறார்கள். என் கணக்கு நேர் எதிர். முதல் பணம் பூட்ஸுக்கு. அடுத்தது பைண்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மிஞ்சியதைப் பலகைக்குக் கொடுத்தால் போதும். பார்க் பலகை அடிபடுவதற்கென்றே வாங்கப்படுவது. இரும்பில் உரசி உரசி ஓரிரண்டு பருவத்தில் அதன் அழகெல்லாம் போய்விடும். அதைத் தாலிக்கொடி போல் பார்த்துப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

இந்த வகைப் பலகைக்கு வயது அதிகமில்லை. 1990களில் ஸ்னோபோர்டுக்காரர்கள் பார்க்கை ஆண்டுகொண்டிருந்தார்கள். ஸ்கீயில் மோகல் என்கிற பனிமேட்டுச் சரிவுப் போட்டிக்காரர்கள் தலைகீழாகச் சுழல விதி இடம் தரவில்லை. அந்த விதிகளில் அலுத்துப்போன கனடாக்காரர்கள் சிலர் — மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர், ஜே.எஃப். குசோன், வின்சன்ட் டோரியன், ஷேன் ஸாக்ஸ் — முனை போலவே வாலும் மேல்நோக்கி வளைந்த பலகை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி இருந்தால்தான் பின்னோக்கியும் தரையிறங்க முடியும். பல நிறுவனங்கள் கையை விரித்தன. பிரான்சின் சலோமோன் ஒப்புக்கொண்டு, 1998இல் 'டென்எய்ட்டி' என்ற பலகையைக் கொண்டுவந்தது. 1080 டிகிரி, அதாவது மூன்று முழுச் சுற்று என்பது அந்தப் பெயரின் கணக்கு. அந்தக் குழுவை 'நியூ கனேடியன் ஏர் ஃபோர்ஸ்' என்று உலகம் அழைத்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் என்கிற பார்க் போட்டி முதன்முதலாக இடம்பெற்றபோது பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் டாரா ஹவல். ஒண்டாரியோவின் ஹன்ட்ஸ்வில் ஊர்க்காரர். பெரிய மலை இல்லாத மாகாணத்திலிருந்து வந்தவர் என்பதை, "இங்கே என்ன மலை இருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்லிவைக்கலாம்.

அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. காலிங்வுட் பக்கத்து ப்ளூ மவுண்டனில் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 220 மீட்டர். மேற்கே விஸ்லரில் அது 1,500 மீட்டரைத் தாண்டும். உயரம் மட்டுமல்ல, பனியும் வேறு. தென் ஒண்டாரியோவில் பெரும்பகுதி இயந்திரம் தூவிய பனி. ஒரு நாள் மழை, மறுநாள் உறைபனி என்று மாறி மாறி வந்து, கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். காணொளிகளில் மேற்கு மலைகளின் பஞ்சுப் பனியில் மிதக்கிறவர்கள் மாட்டியிருக்கும் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பலகை இங்கே பிடி கொடுக்காது. காலடியில், அதாவது பலகையின் இடுப்பில், 84 முதல் 90 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கால் நிற்கும் இடத்தில் பலகை மேல்நோக்கி வில்லாக வளைந்திருப்பதைக் கேம்பர் என்பார்கள். அது இருந்தால் எட்ஜ் என்கிற எஃகு விளிம்பு இறுகிய பனியைக் கடிக்கும். பிள்ளை எந்த மலையில் வாரந்தோறும் நிற்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டால் பாதிப் பலகைகள் தாமாகவே பட்டியலை விட்டுப் போய்விடும்.

நீளத்துக்கு மூக்கிலிருந்து புருவம் வரை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால் சுழற்றுவது எளிது. நீளமாக இருந்தால் தரையிறங்கும்போது தடுமாற்றம் குறைவு. வளர்கிற பிள்ளைக்கு "ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று நெற்றிக்கு மேல் போகும் பலகையை வாங்குவது நம் வீட்டு வழக்கம். பள்ளிச் சீருடைக்கு அது சரிப்படும், இதற்குச் சரிப்படாது. கனம் காலை இழுக்கும். பிள்ளை பயந்துபோய் பார்க் பக்கமே போகாது.

விறைப்பு நடுத்தரமாக இருக்கட்டும். மிக மெத்தென்ற பலகை குழாயில் சுகமாக வளையும், மேட்டிலிருந்து இறங்கும்போது கைவிட்டுவிடும். உள்ளே மரமா நுரையா என்று கேளுங்கள். நுரை மலிவு, சீக்கிரம் சோர்ந்துபோகும். அடிப்புறம் இரண்டு வகை. விலை உயர்ந்த சின்டர்ட் வேகமாக ஓடும், மெழுகு நிறையக் கேட்கும். மலிவான எக்ஸ்ட்ரூடட் கொஞ்சம் மெதுவாகப் போகும், காயம் பட்டால் ஒட்டுவது சுலபம். முதல் பார்க் பலகைக்கு மலிவானதே மேல் என்பேன். எஃகு விளிம்பில் மட்டும் சிக்கனம் கூடாது. சாதாரணப் பலகைகளில் அது 2 மில்லிமீட்டர் அளவில் இருக்க, பார்க்குக்கென்று செய்த பலவற்றில் 2.5 இருக்கும். குழாயில் மோதும்போது அந்த அரை மில்லிமீட்டர்தான் தாங்குகிறது.

ஆர்மடா ஏ.ஆர்.வி. 84, லைன் ஹனி பேட்ஜர் என்று கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர்கள் உண்டு. அவற்றில் முந்தைய பருவத்துப் பலகையைத் தேடுங்கள். பல வருடங்களில் மாறுவது மேல் படம் மட்டும்தான். மார்ச் கடைசியில், ஏப்ரலில் கடைக்காரருக்கு இடம் வேண்டும். 30 முதல் 50 சதவீதம் வரை விலை இறங்குவது சாதாரணம். நவம்பரில் அவசரப்படுகிறவர் முழு விலை கொடுக்கிறார்.

அதைவிட மலிவு, பழையது. பைண்டிங்கோடு சேர்த்து 150 முதல் 300 டாலருக்குள் நல்ல ஜோடி கிடைக்கும். தனிநபரிடம் வாங்கினால் அந்த 13 சதவீதமும் இல்லை. வாங்கும் முன் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். இரண்டு பலகைகளையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒரே சீராக இடைவெளி தெரிய வேண்டும். ஒன்று வளைந்து ஒன்று தட்டையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எஃகு விளிம்பில் கட்டை விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். காலடியில் மயிரிழை விரிசல் ஓரிரண்டு இருந்தால் பரவாயில்லை, பார்க் பலகைக்கு அது சகஜம். விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வாலை அழுத்திப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்து வாய் திறந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அடிப்புறக் கீறல் பயமில்லை, கீறல் வழியே மரம் தெரிந்தால் பயம். பைண்டிங்குக்காகப் போட்ட பழைய துளைகளையும் எண்ணுங்கள். ஏற்கெனவே இரண்டு தடவை துளைத்த பலகையில் மூன்றாவது தடவை துளைக்கக் கடைக்காரர் தயங்குவார், தயங்க வேண்டும்.

பழையதில் உண்மையான பொறி பைண்டிங்தான். விழும்போது காலை விட்டுவிடுவதுதான் அதன் வேலை. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதைச் சொல்வது டின் எண். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் வேகம் எல்லாம் பார்த்து அட்டவணைப்படி வைப்பார்கள். 60 கிலோ எடையுள்ள புதியவருக்கு அது பெரும்பாலும் 6க்குக் கீழேதான் வரும். பிள்ளைகளோ பந்தயக்காரர்கள் மாட்டும் பைண்டிங்கைக் கேட்பார்கள். அதில் சில 8இல் தொடங்கி 18 வரை போகும். அதைக் கடைசி மட்டுக்குத் தளர்த்தினாலும் இந்தப் பிள்ளைக்கு இறுக்கம்தான். பலகை விடாது, முழங்கால் திருகும். 11 வரை போகும் சாதாரண பைண்டிங் விலையும் குறைவு, இவர்களுக்குப் பொருத்தமும் அதுதான்.

இன்னொன்று. எந்தெந்தப் பழைய மாடல்களுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் பட்டியல் தருகிறார்கள். அதில் இல்லாத பைண்டிங்கைக் கடைத் தொழிலாளி தொட மாட்டார். 80 டாலருக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து, பிறகு புது பைண்டிங்குக்கு 200 கொடுப்பவர்கள் உண்டு. கூடவே, இப்போது வரும் பூட்ஸ் பலவற்றின் அடி 'கிரிப்வாக்' என்ற வளைந்த அமைப்பு. பழைய பைண்டிங்குகள் பலவற்றில் அது சரியாக உட்காராது. வாங்கும் முன் மாடல் பெயரைப் படம் எடுத்து ஒரு கடையில் கேட்டுவிடுவது நல்லது. பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்றும் கேட்பார்கள். பார்க் பலகையில் அது நடுமையத்துக்குப் பக்கத்தில் வரும். சுழலும்போது முன்னும் பின்னும் ஒரே கனம். முதல் வருடத்துக்கு மையத்திலிருந்து 2, 3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, தயாரிப்பாளர் போட்ட கோட்டை ஒட்டி வைத்தால் சாதாரணச் சரிவுகளிலும் ஓட்ட வரும்.

பூட்ஸுக்கு வருவோம். இதைக் கடையில், மாலையில், மெல்லிய ஒற்றைக் காலுறையோடு போய் வாங்க வேண்டும். அளவு என்பது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். உள் மெத்தையை உருவிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு விரலை முன்னால் முட்டவைத்தால், குதிகாலுக்குப் பின் ஒன்றரை சென்டிமீட்டர் சுற்றி இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பெரிசு. தாராளமாக இருக்கிற பூட்ஸ் கடையில் சுகமாகத்தான் இருக்கும், மலையில் கால் உள்ளே ஆடும், பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. அண்ணன் போட்ட பூட்ஸைத் தம்பிக்குக் கொடுப்பதை இந்த ஒரு பொருளில் மட்டும் விட்டுவிடுங்கள். தலைக்கவசமும் அப்படியே. பழையது எங்கே அடிபட்டது என்று வெளியே தெரியாது.

இன்னும் உயரம் கூடிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் எதையும் வாங்கவே வேண்டாம். ஒண்டாரியோவில் பல கடைகள் அக்டோபரிலிருந்து பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தருகின்றன. இருபுறமும் வளைந்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள். வளர்ச்சி நின்ற பிறகு சொந்தப் பலகை.

வாங்கி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. புது எஃகு விளிம்பு கூராக இருக்கும். குழாயில் சிக்கினால் ஆளைத் தூக்கி எறியும். முனையிலும் வாலிலும் பனியைத் தொடும் இடங்களை அரத்தால் மழுக்கிவிடச் சொல்லுங்கள். குழாயே கதி என்று கிடப்பவர்கள் காலடியையும் மொட்டையாக்கிவிடுவார்கள். இங்கே இறுகிய பனியில் திரும்பி நிற்க அந்தக் கூர் வேண்டும், அதனால் காலடியில் லேசாக மழுக்கினால் போதும்.

மீதியிருக்கும் காசில் விற்பனையாளர் ஒரு ஜோடிக் கோலைத் தலையில் கட்டப் பார்ப்பார். பார்க்கில் பாதிப் பேர் கோல் இல்லாமல்தான் சுற்றுகிறார்கள். அந்த 50 டாலரை மலைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.