350 புல்லட்டை 500 ஆக்க ஆசையா? முதலில் கிளட்சைப் பாருங்க!

சென்னை,

ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறுகிறது. வண்டியோ போன வேகத்திலேயே போகிறது! பக்கத்தில் லாரி. எதிரே பஸ். பாதி தூரம் முந்தியாச்சு, பின்வாங்க வழியில்லை!

350 சி.சி. புல்லட்டில் 500 சி.சி. சிலிண்டரை ஏற்றிவிட்டு, கிளட்சை மட்டும் பழையபடி விட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "கிளட்ச் ஸ்லிப் ஆவுது" என்று பட்டறையில் சாதாரணமாகச் சொல்வார்கள். ரோட்டில் அது சாதாரணம் இல்லை.

புல்லட் சென்னையின் சொந்த ஊர் வண்டி. 1955-ல் சென்னைக் கம்பெனியும் இங்கிலாந்துக் கம்பெனியும் கைகோர்த்து, திருவொற்றியூரில் வளர்ந்தது. அதனால் ஜி.பி. ரோட்டில் புது சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான், சந்துக்குச் சந்து மெக்கானிக். ஆசை வந்தால் சும்மா இருக்குமா கை?

14 எம்.எம். செய்யும் மாயம்

ஆசைக்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு.

பழைய இரும்பு சிலிண்டர் வண்டியானாலும் சரி, பிறகு வந்த யு.சி.இ. எஞ்சின் ஆனாலும் சரி, 350, 500 இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 எம்.எம்.தான். போர் அகலம்தான் வேறு. 350-க்கு 70 எம்.எம்., 500-க்கு 84 எம்.எம். இந்த 14 எம்.எம்.மில் 346 சி.சி. எஞ்சின் 499 சி.சி. ஆகிவிடுகிறது. 44 சதவீதம் அதிகம்!

இன்னும் பேராசைக்காரர்களுக்கு 87 எம்.எம். உண்டு. 535 சி.சி. வரும். 2013-ல் கம்பெனியே கான்டினென்டல் ஜி.டி. வண்டியில் போட்ட அளவு அது.

இருக்கிற சிலிண்டரையே லேத்தில் கொடுத்துப் பெரிசாக்கினால் ஆகாதா? ஆகாது. ஓவர்சைஸ் பிஸ்டன் கால், அரை எம்.எம். என்று ஏறி, 1 எம்.எம். வரை போகும். 71 எம்.எம். ஆக்கினாலும் கிடைப்பது 356 சி.சி. வெறும் 10 சி.சி. லாபம்! தேய்ந்த போரைச் சரிபண்ண அது வழி. எஞ்சினைப் பெரிசாக்க வழியல்ல. அதற்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்து, சூட்டில் கோணி, எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

2020-ல் மீட்டியாரிலும் 2021-ல் புது கிளாசிக்கிலும் வந்த எஞ்சினுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதன் அளவு 72-க்கு 85.8. பழைய 500-ன் சாமானை அதில் மாட்டப் பார்ப்பது வீண் வேலை.

ஹெட்டை மறந்தால் பிஸ்டன் ஓட்டை

பெரிய சிலிண்டரை வாங்குமுன் மூன்று இடத்தில் அளவெடுக்க வேண்டும். சிலிண்டரின் அடிக்கழுத்து கிரான்க் கேஸ் வாயில் இறங்குதா? போல்ட் துளைகள் நேராக நிற்குதா? புஷ்ராடு போகும் வழி அடைபடாமல் இருக்கா? இறங்காவிட்டால் கேஸின் வாயைக் கடைய வேண்டும். அதற்கு எஞ்சினை முழுக்கப் பிரிக்கணும். கடைந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

அடுத்தது ஹெட். "சிலிண்டர் மட்டும் மாத்துங்க, ஹெட்டு இருக்கட்டும்" என்று காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. வினை அங்கேதான் ஆரம்பம்.

யு.சி.இ. 350-ல் பிஸ்டன் காற்றை எட்டரைக்கு ஒன்றாக அழுத்துகிறது. ஹெட்டில் உள்ள குழியின் அளவை மாற்றாமல் 499 சி.சி. காற்றை அதே குழிக்குள் திணித்தால் கணக்கு 11.8-க்கு 1 என்று எகிறும். கம்பெனியின் 500-லும் எட்டரைதான் என்பதைக் கவனிக்க. எஞ்சின் 'டங் டங்' என்று தட்டும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை! ஆக சிலிண்டர், பிஸ்டன், ஹெட் மூன்றும் ஒரே ஜோடியாக வரவேண்டும். கார்புரேட்டர் ஜெட்டும் அதற்குத் தக்கபடி மாறணும்.

பெரிய பிஸ்டன் கனமாகவும் இருக்கும். சின்ன பிஸ்டனுக்காக பேலன்ஸ் செய்த கிரான்க்கில் அதை மாட்டினால் ஹேண்டில்பார் உதறும். கிரான்க்கை மறுபடி பேலன்ஸ் பண்ணாமல் விட்டால் கை மரத்துப் போவதோடு நிற்காது, பேரிங்கும் போகும்.

கிளட்சின் கதை

யு.சி.இ. 350-ன் இழுவிசை 28 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்து 500-க்கு 41.3. பட்டறையில் பெரிசாக்கிய வண்டி அந்த அளவை அப்படியே தொடாமல் போகலாம். பாதி தொட்டாலும் சரி, தாங்க வேண்டியது கிளட்ச்!

அதுவும் எஞ்சின் தரும் விசை நேராக கிளட்சுக்கு வருவதில்லை. நடுவில் பிரைமரி செயின் இருக்கு. சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுவதால், விசை இன்னும் பெருகித்தான் கிளட்ச் பிளேட்டுக்குப் போகிறது.

கிளட்சின் பிடி நான்கு விஷயத்தில் இருக்கு. ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துது? பிளேட் எத்தனை? பிளேட்டின் வட்டம் எவ்வளவு பெரிசு? அதன் மேல்பூச்சு எந்த ரகம்? வட்டத்தை மாற்ற முடியாது, கூடு இடம் தராது. மீதி மூன்றில்தான் விளையாடலாம்.

மலிவான வழி ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் ஸ்லிப் நிற்கும். ஆனால் லீவரைப் பிடிக்க பயில்வான் கை வேணும்! அண்ணா சாலை நெரிசலில் பத்து சிக்னல் தாண்டுவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். கேபிளும் சீக்கிரம் அறும். அறுவது பெரும்பாலும் சிக்னலில், கியரில் நிற்கும்போதுதான்.

நல்ல வழி பிளேட்டைக் கூட்டுவது. நாலு பிளேட் இருந்த இடத்தில் ஐந்து போட்டால், அதே ஸ்பிரிங்கில் கால் பங்கு பிடி கூடும். லீவர் பாரம் ஏறாது. 500-ன் முழு கிளட்ச் செட்டும் அதன் கூடும் பொருந்தினால் அதைவிட வேறு யோசனையே வேண்டாம். பொருந்தாவிட்டால் கூடுதல் பிளேட்டோடு கொஞ்சம் மட்டும் கூடிய ஸ்பிரிங்.

இதில் ஒரு பொறி இருக்கு. இடம் பத்தவில்லை என்று பிளேட்டை மெலிதாகத் தேய்த்து அடுக்குவார்கள் சிலர். சூட்டில் அது கோணிவிடும். பிறகு லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது, நியூட்ரல் விழாது. இரும்புப் பிளேட்டை கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். புது பிளேட்டை எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் மாட்டணும்.

எண்ணெயிலும் ஏமாறக்கூடாது. யு.சி.இ. எஞ்சினில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். காருக்கான வழுவழு எண்ணெயை ஊற்றினால் எந்த பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கான்னு பார்த்து வாங்கணும். பழைய இரும்பு எஞ்சினில் கிளட்ச் பக்கத்துக்குத் தனி எண்ணெய். அங்கேயும் இதே எச்சரிக்கை.

பிரேக்? 350-க்கு என்று போட்ட பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 500 வேகத்தில் போவது பற்றி எழுத வேண்டியதே இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் 346!

இத்தனையும் சரியாகச் செய்தாலும் போலீஸ் நிறுத்தினால் சிக்கல்.

ஆர்.சி. புத்தகத்தில் சி.சி. 346 என்று இருக்கும். வண்டியிலோ 499. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதை அனுமதிப்பதில்லை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவதும் இந்த ஆர்.சி. புத்தகத்தைத்தான்.

இன்னொரு ஆபத்து பழைய சாமானில். எஞ்சின் நம்பர் கிரான்க் கேஸில்தான் வெட்டியிருக்கும். தனியாக வரும் சிலிண்டரை வைத்து அது எந்த வண்டியுடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். திருட்டு வண்டியைப் பிரித்து விற்பவனுக்கு அதுதான் வசதி. புதுப்பேட்டையில் பில் போட்டு நேர்மையாக விற்கும் கடைகளும் உண்டு. "பில்லு எதுக்கு சார், பாதி ரேட்டுக்குத் தர்றேன்" என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை.

ரேஸ் ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை மைதானம் இருக்கிறது. பெரிசாக்கிய எஞ்சினுக்கு அதுதான் இடம்.

ரோட்டில் ஓட்டத்தான் 500 வேணும் என்பவர்களுக்கு சுலபமான வழி, கம்பெனியே 500 ஆகத் தயாரித்த பழைய வண்டி. கிளாசிக் 500 இங்கே 2009 முதல் 2020 வரை விற்றது. கை மாறும்போது, ஆர்.சி.யில் 499 என்று இருக்கா, கிரான்க் கேஸ் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில் போட்டு ஒரு மேம்பாலம் ஏறட்டும். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் செட்டுக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.